நேவி தாத்தாவின் அலமாரி

பேராக்கில் ஆயர் தாவார், சித்தியவான், கம்போங் கோ பக்கம், மலேசியக் கடற்படையில் இருந்த நேவி தாத்தா ஒருவர் காலமானால் நினைவஞ்சலி அட்டை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். வெள்ளைச் சீருடையில் இருபத்திரண்டு வயதுப் படம் ஒன்று. மூக்குக்கண்ணாடியோடு கடைசிக் காலப் படம் ஒன்று. தோற்றம், மறைவு, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள். இரண்டு படங்களுக்கும் நடுவில் அறுபது வருடம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. கேட்டால், "அவர் அதிகம் பேசமாட்டார்" என்பார்கள்.

பேசாதவராகவே இருக்கட்டும். சேவைத் தாளையும் பதக்கத்தையும் தொப்பி நாடாவையும் அவர் தூக்கி எறிந்திருக்க மாட்டார். அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் என்ன வேலை பார்த்தார் என்பது வரை எழுதிவிடலாம். அந்த டின் தொலைவது பெரும்பாலும் பதினாறாம் நாளுக்கு முன்புதான். வீட்டைக் கழுவி, மெத்தை, துணிமணி, பழைய பைகளை எல்லாம் வெளியே போடுகிற அவசரத்தில் தாள்களும் சேர்ந்து போய்விடுகின்றன. அதனால் கருமக்கிரியைக்கு முன்பாகவே ஒருவர் பொறுப்பெடுத்து, சீருடை சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும். பித்தளைப் பொத்தான், பெல்ட், கான்வாஸ் பை, தொப்பி, பழைய ஐசி என்ற அடையாளக் கார்டு, பென்சன் கடிதம், பின்புறம் ஏதோ கிறுக்கிய போட்டோ, ஒன்றையும் ஆராய வேண்டாம். முதலில் காப்பாற்றுங்கள், பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

பதக்கங்களை அவரோடு அனுப்பிவிட வேண்டும் என்று சில வீடுகளில் ஆசைப்படுவார்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் தகனத்தில் ரிப்பன் கருகி உலோகம் உருக்குலைந்து போகும், பெயர் பொறித்த விளிம்பும் அதோடு சரி. இறுதி மரியாதையின்போது தலைமாட்டில் ஒரு தட்டில் வைத்து, தூக்குவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இப்போதே சொல்ல வேண்டும். சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய சேதம் இதுதான். சூட்டில் உருகும் பசை தாளின் இழைக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. மை சில வருடத்தில் மங்கும், ஓரத்தில் காற்று புகுந்தால் உள்ளேயே பூஞ்சை படரும். ஏற்கெனவே லேமினேட் ஆகிவிட்டதென்றால் பிரிக்க முயலாமல் அப்படியே ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

வாழ்க்கைக் குறிப்பை எழுத உட்கார்ந்ததும் முதலில் இடறுவது பிறந்த தேதி. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பதிவு தாமதமாக நடந்ததுண்டு, தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதியதுண்டு. அடையாளக் கார்டு இந்நாட்டில் 1948இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது அறிவித்த அவசரகாலத்தில் வந்தது. 12 வயதானவர்களுக்கு எடுக்க வேண்டியிருந்தது. அப்போது சொன்ன வயதுதான் பலருக்கு வாழ்நாள் முழுக்க நின்றது. அதனால் சூராட் பெரானாக் என்ற பிறப்புச் சான்றிதழ், ஐசி, சேவைத் தாள் மூன்றிலும் மூன்று தேதி இருந்தால் பதற வேண்டாம். ஜாதகக் குறிப்போ பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் எழுதிய குறிப்போ கிடைத்தால் அதில் தமிழ் ஆண்டுப் பெயர் இருக்கும். தாது ஆவணி என்றிருந்தால் 1936 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். ஈஸ்வர என்றால் 1937 சித்திரையில் தொடங்கும் ஆண்டு, வெகுதானிய 1938, பிரமாதி 1939, விக்கிரம 1940. மார்கழிப் பிற்பாதியிலிருந்து பங்குனி வரை பிறந்தவருக்கு மட்டும் கவனம் தேவை. தாது பங்குனி 1937இல்தான் வரும்.

ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர் என்றால் ஆவணத்தில் 2602, 2603 என்று ஆண்டு போட்டிருக்கலாம். அது எழுத்துப்பிழை இல்லை. ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, 660ஐக் கழித்தால் 1942, 1943. பிறந்த ஊரில் சந்தேகம் இருந்தால் இப்போதைய 12 இலக்க ஐசி எண்ணின் நடு இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 08 என்றால் பேராக், 10 சிலாங்கூர், 01 ஜொகூர். எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தேதிகள் ஒத்துப்போகவில்லையானால், குறிப்பில் அதிகாரபூர்வத் தேதியை ஒரு வரியிலும் வீட்டில் கொண்டாடிய தேதியை அடுத்த வரியிலும் போடுங்கள். ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை வைக்க வேண்டியதில்லை.

பெயரும் இப்படித்தான். முனுசாமி என்ற ஒரே மனிதர் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, நேவித் தாளில் மூன்றாவது என்று இருப்பார். அதனால்தான் பதிவு தேடும்போது பெயரைவிட நேவி நம்பர் முக்கியம். அது ஓய்வுச் சான்றிதழிலும் பென்சன் கடிதத்திலும் இருக்கும். தாள் எதுவும் கிடைக்காவிட்டால் கான்வாஸ் பையின் அடிப்பக்கம், தொப்பியின் உள்பட்டை, பெல்ட்டின் உள்புறம், வெள்ளைச் சட்டையின் உள்கழுத்து இங்கெல்லாம் பாருங்கள். துணியில் முத்திரை குத்தி வைப்பது கடற்படையின் பழைய பழக்கம். மங்கிப்போயிருந்தால் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள், எழுத்து எழும்பித் தெரியும்.

பழைய பிரிட்டிஷ் பதக்கம் என்றால் பல சமயம் விளிம்பில் பெயர், எண், பதவி பொறித்திருப்பார்கள். மூன்றும் பொடி எழுத்தில் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும். பதக்கத்தில் இருக்கும் முகம் ஜார்ஜ் மன்னரா எலிசபெத் அரசியா என்று பார்த்தால் காலமும் ஓரளவு பிடிபடும், அரசி பட்டத்துக்கு வந்தது 1952இல். 'மலாயா' என்று பட்டை இருந்தால் அது 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்துக்கானது. பிங்காட் ஜாசா மலேசியா என்பது வேறு. 31.8.1957 முதல் 31.12.1966 வரை பணியாற்றிய மலேசிய, காமன்வெல்த் படையினருக்குப் பல வருடம் கழித்து வழங்கப்பட்ட பதக்கம் அது. பதக்கம் புதிதாகப் பளபளக்கிறதே, தாத்தா எங்காவது வாங்கிவைத்ததோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

இப்போது சீருடைப் படத்துக்கு வருவோம். அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இதுதான். இடக்கையில் தலைகீழ் மலைபோல மூன்று பட்டை இருந்தால் "தாத்தா சார்ஜன்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். கடற்படையில் அது பதவிப் பட்டை இல்லை. பிரிட்டிஷ் வழக்கத்தில் வந்த நன்னடத்தைப் பட்டை அது. போருக்குப் பிந்திய முறைப்படி 4 வருடத்துக்கு ஒன்று, 8க்கு இரண்டு, 12க்கு மூன்று. அதாவது படம் எடுத்தபோது அவர் குறைந்தது 12 வருடம் கெட்ட பெயர் எடுக்காமல் வேலை பார்த்திருக்கிறார். சார்ஜன்ட் என்பதைவிட இதை எழுதுவது அழகு. பதவியைச் சொல்வது பட்டைக்கு மேலே இருப்பது. ஒற்றை நங்கூரம் என்றால் லீடிங் சீமன், இன்றைய மலாய்ப் பெயரில் லஸ்கார் கானான். குறுக்காக இரண்டு நங்கூரமும் மேலே கிரீடமும் என்றால் பெட்டி ஆபிசர், இன்று பிந்தாரா மூடா.

வலக்கைச் சின்னம் தொழிலைச் சொல்லும். விசிறி இறக்கைபோல இருந்தால் இயந்திர அறை, ஸ்டோக்கர். குறுக்காக இரண்டு கொடி என்றால் சிக்னல்மேன். இறக்கையும் மின்னலும் சேர்ந்திருந்தால் கம்பியில்லாத் தந்தி. பீரங்கி வடிவம் என்றால் பீரங்கிப் பிரிவு. அந்தக் காலப் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டால் இடமும் வலமும் மாறிப்போகும். பதக்கம் எப்போதும் இடது மார்பில்தான் இருக்கும். படத்தில் அவருடைய வலது மார்பில் இருக்கிறதென்றால் படம் தலைகீழ் அல்ல, கண்ணாடிப் பிம்பம். முதலில் அதைத் திருப்பிவிட்டு அப்புறம் கைச் சின்னங்களைப் படியுங்கள்.

தொப்பி நாடாவில் கப்பல் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள் முக்கியம். எச்.எம்.எம்.எஸ்., அதாவது மன்னரின் அல்லது அரசியின் மலாயாக் கப்பல் என்றிருந்தால் பொதுவாக 1958க்கு முந்தியது. 12.7.1958இல் கடற்படை மலாயா அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பிறகு கே.டி., அதாவது கப்பால் டிராஜா, அரச கப்பல். பின்னணியில் கொடி தெரிந்தால் இன்னும் நல்லது. பழைய மலாயாக் கொடியின் நட்சத்திரத்துக்கு 11 முனை, 11 கோடு. 16.9.1963க்குப் பிறகு 14. சிறிய படமானாலும் 1200 டிபிஐயில் ஸ்கேன் எடுத்துத் திரையில் பெரிதாக்கினால் முனைகளை எண்ணிவிடலாம்.

கப்பல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் படம் தேடி நினைவு மலரில் போடுகிறவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். காரணம், ஒரே பெயர் பல கப்பலுக்கு வந்திருக்கிறது. கேடி ஹங் துவா என்றால் எது? 1964இல் வாங்கிய ஹங் துவா, பிரிட்டனின் லோக் இன்ஷ் என்ற போர்க்கப்பல். நீராவி இயந்திரம். அது ஓய்ந்த பிறகு 1977இல் வந்த ஹங் துவா, மெர்மெய்ட் என்ற வேறு கப்பல். 1970இல் பணியாற்றிய தாத்தாவுக்கு இரண்டாவது கப்பலின் படத்தைப் போட்டால் தவறு. கேடி ரஹ்மாட்டும் இப்படித்தான் குழப்பும். கட்டும்போது அதற்கு வைத்த பெயர் ஹங் ஜெபாட். 1971இல் பணியில் சேர்ந்தபோது ரஹ்மாட். பழைய கடிதத்தில் ஜெபாட் என்றும் பின்னால் வந்த கடிதத்தில் ரஹ்மாட் என்றும் இருந்தால் அவர் கப்பல் மாறவில்லை, பெயர்தான் மாறியது.

ரோந்துப் படகுகளில் ஒரு 'ஸ்ரீ' எல்லாவற்றையும் மாற்றிவிடும். 1960களின் தொடக்கத்தில் வந்த ஆறு படகுகள் ஸ்ரீ கெடா, ஸ்ரீ சிலாங்கூர், ஸ்ரீ பேராக், ஸ்ரீ பகாங், ஸ்ரீ கிளந்தான், ஸ்ரீ திரெங்கானு. 2006 முதல் வந்த பெரிய கப்பல்களுக்கும் இதே ஆறு மாநிலப் பெயர்கள்தான், 'ஸ்ரீ' இல்லாமல். சேவைத் தாளில் 1965 என்றும் ஸ்ரீ பேராக் என்றும் இருந்தால் அது 103 அடிப் படகு. அந்தக் குடும்பத்தில் மொத்தம் 24 படகுகள். இரண்டு 40 மில்லிமீட்டர் பீரங்கி, சுமார் 27 நாட் வேகம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், இருபத்துச் சொச்சம் பேர். 31 மீட்டர் நீளத்துக்குள் இத்தனை பேர் தூங்கி, சாப்பிட்டு, காவல் இருந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த அளவு கண்ணால் புரிய வேண்டுமென்றால் மலாக்கா கடற்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஸ்ரீ திரெங்கானு அங்கே தரையேற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

சான்றிதழ் கையெழுத்தும் காலம் சொல்லும். 1962 முதல் 1965 வரை கடற்படைத் தலைவர் ஆஸ்திரேலியரான சின்னட். அவருக்குப் பின் இன்னோர் ஆஸ்திரேலியர், டோலர்ட். 1.12.1967இல் 31 வயதில் பொறுப்பேற்றவர் கே. தனபாலசிங்கம், அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர். 1976 முடியும் வரை இருந்தார். கடற்படையின் உச்சியில் ஒரு தமிழர் ஒன்பது வருடம் இருந்தார் என்பது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. தாத்தாவின் தாளில் அந்தக் கையெழுத்து இருந்தால் மலரில் அந்தப் பக்கத்தைப் பெரிதாகவே போடுங்கள்.

எங்கே இருந்தார் என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் கிடைக்கும். கேடி மலாயா தளம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும்தான் முக்கியத் தளம் பேராக்கின் லுமுட்டுக்கு நகர்ந்தது. பெரிய அத்தை சிங்கப்பூரில் பிறந்தார், கடைசிச் சித்தப்பா மஞ்சோங்கில் பிறந்தார் என்றால் குடும்பம் எப்போது மாறியது என்பது அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நடந்த கொன்பிரன்டாசி என்ற மோதல் சமயத்தில் படகுகள் மலாக்கா நீரிணையிலும் சபாவின் தாவாவ் பக்கமும் ரோந்து போயின. அப்போது பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் முகத்தைப் பார்க்க வாரங்கள் ஆகியிருக்கும். பாட்டி இருந்தால் அதைக் கேளுங்கள்.

பாட்டியிடம் கேட்பதற்கும் முறை இருக்கிறது. "தாத்தா எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் "நல்லவர்" என்பதோடு நின்றுவிடும். போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டுச் சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். இந்தச் சட்டைக்கு யார் கஞ்சி போட்டது? லீவில் வந்தால் எத்தனை நாள் இருப்பார்? சம்பளம் எப்படி வந்து சேரும்? கப்பலிலிருந்து என்ன கொண்டுவருவார்? ராத்திரியில் எத்தனை மணிக்கு முழிப்பார்? கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. கப்பலில் நாள் நான்கு நான்கு மணி நேரக் காவலாகப் பிரியும். மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டு இரண்டு மணியாக உடைத்து, ஒரு நாளுக்கு ஏழு காவல் ஆக்குவார்கள். ஏழு என்பது ஒற்றைப்படை, அதனால் ஒரே ஆளுக்குத் தினமும் நள்ளிரவுக் காவல் விழாது. இருபது வருடம் இப்படி உடைந்து உடைந்து தூங்கியவர் எண்பது வயதிலும் மூன்றரைக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் அதை வயோதிகம் என்று நினைத்திருப்பார்கள். தோட்டத்து ஆட்களும் விடியுமுன் எழுந்து பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போனவர்கள்தான், ஆகவே ஊரில் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரிந்திருக்காது.

ஒரே அமர்வில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காலைப் பசியாறலுக்குப் பிறகு நல்ல நேரம். போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, மேசையில் துணி விரித்து அதன்மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவில் குரலைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த விசிறிதான். முடிந்த அன்றே கோப்புக்குப் பெயரும் தேதியும் வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

நேவிக்குப் பிந்திய வருடங்களையும் விட்டுவிடக் கூடாது. சாதாரணப் பதவியில் இருந்தவருக்கு 21 வருடம் முடித்தால்தான் பென்சன். 1955இல் சேர்ந்தவர் 1976இல் வெளியே வந்தால் வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடம் ஊரில் வாழ்ந்திருக்கிறார். ஸ்டோக்கராக இருந்தவர் செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தார் என்றால் அது தற்செயல் இல்லை. லோக் இன்ஷ் காலத்து நீராவியும் ஆலை நீராவியும் ஒரே பாடம்தான்: தண்ணீர் மட்டம், அழுத்தம், பாதுகாப்பு வால்வு. அவர் கடலில் கற்றதை ஆலையில் எத்தனை பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று அந்த ஆலையின் பழைய ஆட்களிடம் கேட்டு எழுதுங்கள். கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் இவற்றில் இருந்திருந்தால் ஆண்டறிக்கையில் பெயர் கிடைக்கும். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடலில் லயத்தை விட்டு வெளியேறிய குடும்பம் என்றால் அந்தத் தோட்டத்தின் பெயரைத் தமிழில் மக்கள் வழங்கியபடியும் ஆவணத்தில் உள்ளபடியும் இரண்டுமே எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

பென்சன் விஷயத்தைத் துக்கத்துக்குள் தள்ளிப்போடாதீர்கள். மரணச் சான்றிதழ் கையில் வந்ததும் முன்னாள் படைவீரர் விவகார இலாகாவுக்கு, ஜேஎச்இவி என்போமே அதற்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த மாதமும் கணக்கில் பணம் ஏறினால் எடுக்கக் கூடாது, பிறகு திருப்பிக் கேட்பார்கள். பாட்டிக்கு வாரிசு பென்சன் வரவேண்டுமானால் திருமணச் சான்று கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே வாழ்ந்த ஜோடிகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். 1.3.1982க்கு முன் சமய, வழக்கப்படி நடந்த திருமணம் சட்டப்படி பதிவானதாகவே கருதப்படும். ஆனாலும் கவுண்டரில் ஏதாவது தாள் காட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய குவார்ட்டர்ஸ் கடிதம், நேவித் தாளில் வாரிஸ் என்ற இடத்தில் பாட்டியின் பெயர் இருக்கும் பக்கம் மூன்றையும் நகலெடுத்து ஒன்றாகக் கொண்டுபோங்கள். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் சத்தியப் பிரமாணக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே தயாராக்கிவிட்டால் இரண்டு நடை மிச்சம்.

பொருள்களைப் பாதுகாப்பதில் நம் ஊர் ஈரக்காற்றுதான் முதல் எதிரி. வெள்ளைச் சீருடையைக் கஞ்சியோடு மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. கஞ்சி முழுக்கப் போகும்படி இரண்டு மூன்று தண்ணீர் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, இஸ்திரி போடாமலே மடியுங்கள். மடிப்பு விழும் இடங்களில் பல தடவை துவைத்த பழைய வெள்ளை வேட்டியைச் சுருட்டி வைத்தால் நூல் இற்றுப்போகாது. வருடத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். பித்தளைப் பொத்தானைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியே வையுங்கள், அதன் பச்சைக் களிம்பு துணியில் இறங்கினால் போகாது. பதக்கத்தை பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் விளிம்பு எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், ரிப்பனில் வெள்ளைக் கறை படியும். மென்மையான துணியால் தூசி துடைத்தால் போதும். கறுத்திருப்பது அதன் வயது, அப்படியே இருக்கட்டும்.

போட்டோவில் மோசமானது 1980களின் பசை ஆல்பம், பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டுவோமே அது. பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்கிறது. படத்தின் ஒரு மூலையில் பல் இடுக்கு நூலை நுழைத்து அறுப்பதுபோல மெல்ல இழுத்தால் கழன்று வரும். வராவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் எடுங்கள். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் உரிக்கக் கூடாது. கண்ணாடி வழியாகவே ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில், ஓரத்தில் லேசாக. பால்பாயிண்ட் அழுத்தினால் முகத்தில் கோடு புடைக்கும். பாச்சை உருண்டை வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நினைவு மலர் என்று வரும்போது ஏ5 அளவில் 16 பக்கம் தாராளம். நடுவில் ஸ்டேப்பிள் போடுவதால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், 18 பக்கம் எழுதிக் கொண்டுபோனால் இரண்டு வெற்றுப் பக்கம் வரும். முழுப் பக்கப் படத்துக்குக் குறைந்தது 1748க்கு 2480 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த படம் அதற்குப் பத்தாது, மூலத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் எழுத்து அச்சகத்தில் உடைவது வேர்ட் கோப்பாக அனுப்புவதால்தான். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப்பாகக் கொடுத்து, ஒரு பிரதி அச்சிட்டுக் காட்டச் சொல்லி, அதில் 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்பு, துணைக்கால் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். பதினாறாம் நாளுக்கு முடியாவிட்டால் அவசரப்பட வேண்டாம். வருடத் திதிக்கு வந்தால் கப்பல் பெயர்களையும் தேதிகளையும் நிதானமாகச் சரிபார்த்திருக்கலாம்.

எழுதும்போது "நாட்டுக்காக உழைத்தார்" என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். "1964இல் ஸ்ரீ சிலாங்கூரில் சிக்னல்மேன்" என்று எழுதினால் அது அவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். அப்படி ஐந்து வரி கிடைத்தாலே மலர் நிறைந்துவிடும்.

மலர் அச்சாகி வந்ததும் பதக்கப் பெட்டியில் ஒரு சின்னத் தாளையும் போட்டு வையுங்கள், பென்சிலில். பெயர், எழுத்து வித்தியாசங்களோடு. நேவி நம்பர். கப்பல்கள், வருடத்தோடு. பெட்டி இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது. ஸ்கேன்கள் எங்கே இருக்கின்றன. அடியில், சிலிக்கா பொட்டலம் கடைசியாக மாற்றிய தேதி.